சூடு வைத்தால் அடைப்பு திறக்குமா, மூடுமா? (லேசர் கதீட்டர் குறித்து)

பொதிகைச்சாரல்:
வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரப் படம் சுற்றுகிறது. "ஸ்டென்ட் வேண்டாம், பைபாஸ் வேண்டாம், லேசர் சூட்டில் அடைப்பு கரைந்துவிடும்." வண்ணாரப்பேட்டையில் புறப்பட்டு அம்பை, தென்காசி குழுக்கள் வரை வந்துவிட்டது. அதே படத்தின் கீழ்ப்பாதியில் வெரிகோஸ் வெயினுக்கு லேசர் என்று இன்னொரு வரி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரே மருந்து.

வெரிகோஸுக்குச் சூடு வைப்பது காலில் புடைத்த அந்த ரத்தக்குழாயையே மூடுவதற்கு. அதற்கான ரேடியோ அலை கதீட்டரின் (ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) நுனியில் 7 செ.மீ. நீளச் சூடேற்றும் பகுதி இருக்கும். 120 டிகிரியில் ஒவ்வொரு துண்டுக்கும் 20 விநாடி. சுவரில் உள்ள கொலாஜன் சுருங்கும், குழாய் ஒட்டிக்கொள்ளும். இதய ரத்தக்குழாயில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

தமனியிலும் சூட்டை முயன்று பார்த்தார்கள், 1980-களில். ஆர்கான் லேசர் இழையின் நுனியில் ஓர் உலோகக் குமிழ். ஒளி வெளியே வராது, குமிழ்தான் பல நூறு டிகிரிக்குக் காயும். மாட்டுக்குச் சூடு போடுகிற கோல்தான், அளவில் மட்டும் சின்னது. அடைப்பு கரிந்தது, கூடவே சுவரும் வெந்தது. குழாய் இறுகியது, ஓட்டை விழுந்தது, தப்பியவர்களுக்குச் சில மாதத்தில் தழும்பு வளர்ந்து திரும்ப அடைத்தது. செத்துப்போன நுட்பத்துக்கு இப்போது புதுச்சட்டை போட்டு விற்கிறார்கள்.

கேத்லேப்_பாளை:
அண்ணாச்சி, அந்தப் படம் தப்புன்னு நானும் ஒத்துக்கிடுதேன். ஆனா அந்தச் சூட்டுக்கோலையும், இப்ப இதயக் குழாய்ல பயன்படுத்துத எக்சைமர் லேசரையும் ஒரே சாக்குல கட்டுதீங்க பாருங்க, அது சரியில்ல.

சூட்டுக்குமிழ் ஏன் தோத்துச்சு? அல்வா கிண்டும்போது துடுப்ப நிறுத்தினா அடி பிடிக்கும்லா, அதே கததான். குமிழ அசைச்சுக்கிட்டே இருக்கணும், ஆறுற வரைக்கும் நிறுத்தக் கூடாது. ஒரு இடத்துல நின்னு ஆறுச்சுன்னா கரி சுவரோட ஒட்டிக்கிடும். இழுத்தா உள்தோல் கிழிஞ்சு வரும்.

எக்சைமர் அப்படி இல்ல. செனான் குளோரைடு, 308 நானோமீட்டர் புற ஊதா ஒளி. திசுவுக்குள்ள சுமார் 50 மைக்ரான்தான் இறங்கும், ஒரு தலைமுடி கனத்துக்கும் கம்மி. ஒளி தொடர்ந்து வராது, துடிப்பு துடிப்பா வரும்; ஒரு துடிப்பு 135 நானோவிநாடி அளவுதான். விநாடிக்கு 25 துடிப்புன்னா ரெண்டு துடிப்புக்கு நடுவுல 40 மில்லிவிநாடி கெடைக்கு. அந்த 50 மைக்ரான் அடுக்கு ஆறுறதுக்கு அஞ்சு மில்லிவிநாடி போதும். சுவர் வேகுறதுக்கு நேரமே இல்ல.

பொதிகைச்சாரல்:
கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் பாதிக் கணக்கு. 0.9 மி.மீ. கதீட்டரின் வேக மாடலில் சதுர மி.மீ.க்கு 80 மில்லிஜூல், விநாடிக்கு 80 துடிப்பு வரை ஏற்றலாம். அப்போது இடைவெளி 12.5 மில்லிவிநாடிதான். சூடே சேராது என்றால் 10 விநாடி சுட்டுவிட்டு 5 விநாடி ஏன் நிறுத்த வேண்டும்? பழைய மாடல்களில் 5 விநாடிதான் சுடலாம், பிறகு 10 விநாடி ஓய்வு. "குளிர் லேசர்" என்பது விற்பனைப் பேச்சு. திசுவில் உள்ள தண்ணீர் ஆவியாகிக் குமிழியாக வெடித்துத்தானே அடைப்பு உடைகிறது? ஆவி என்றால் சூடுதான்.

1992-ல் அமெரிக்காவில் இதய ரத்தக்குழாய்க்கு அனுமதி கிடைத்தது. அப்புறம் வந்த சோதனைகளையும் பாருங்கள். 1996-ல் ஆம்ரோ, எக்சைமரையும் வெறும் பலூனையும் ஒப்பிட்டது: லேசரால் கூடுதல் பயன் இல்லை. 1997-ல் எர்பாக், லேசர், ரோட்டா (அடைப்பைச் சுழன்று அரைக்கும் கருவி), பலூன் மூன்றையும் வைத்து 685 பேரில்: ஆறு மாதத்தில் அதே இடத்துக்குத் திரும்பச் சிகிச்சை தேவைப்பட்டது லேசரில் 46 சதவீதம், பலூனில் 32. இதற்கு என்ன பதில்?

கேத்லேப்_பாளை:
பதில் சலைன்தான், உப்புத் தண்ணி. அந்தச் சோதனையெல்லாம் சலைன் கழுவல் பழக்கத்துக்கு வரதுக்கு முந்தினது. ஸ்டென்ட்டும் இன்னைக்கு மாதிரி கிடையாது. நீங்க சொல்லுத குமிழி இருக்கே, அது எதுக்குள்ள வெடிக்குதுங்கிறதுதான் விசயமே. 308 நானோமீட்டர் ஒளிய ரத்தமும் டையும் (ஆஞ்சியோ படம் தெரிய ஏத்துத மருந்து) குடிச்சிரும், சலைன் குடிக்காது. டைக்குள்ள சுட்டா குமிழி பெருசா வெடிச்சுச் சுவரப் பிளந்துரும். சலைனுக்குள்ள சுட்டா ஒளி நேரா திசுவுலதான் படும்.

செய்முற இதான், ஒண்ணு விட்டாலும் தப்பு:

மிஷின் சூடேறின பிறகு கதீட்டர் நுனிய மிஷின்ல சக்திய அளக்குத அளவுக்கண்ணுக்கு நேரா பிடிச்சு அளவு சரிபாக்கணும். அப்ப நோயாளி உட்பட ரூம்ல இருக்க எல்லாருக்கும் கண்ணாடி. சன்னல் கண்ணாடிய மறைக்கணும். கதீட்டர் கனம் குழாய் விட்டத்துல மூணுல ரெண்டு பங்கத் தாண்டக் கூடாது. வழிகாட்டுத சாதாரண 0.014 அங்குல வயர் மேலயே ஏறும், அதுதான் இதுல பெரிய வசதி.

டைய வெளியேத்துறதுலதான் எல்லாரும் கோட்ட விடுவாங்க. கைடுல (கதீட்டர உள்ள விடுத வெளிக் குழாய்) மட்டும் கழுவினா போதாது. மேனிஃபோல்டு, ஒய் கனெக்டர் மாதிரி இணைப்புக, டை ஓடின சிரிஞ்சு எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டு இருக்கும். டை சிரிஞ்ச எடுத்துக் கீழ வச்சிட்டு, லூயர் பூட்டு (திருகி மாட்டுத வாய்) உள்ள புது 20 மி.லி. சிரிஞ்ச சலைனோட மாட்டணும். மொதல்ல 10 மி.லி. தள்ளி, திரையில டை நெழல் போயிருச்சான்னு பாக்கணும். அப்புறம் சுடுத நேரம் பூராவும் விநாடிக்கு 2, 3 மி.லி. விடாம ஓடணும். கைடு இதயக் குழாய் வாயில நல்லா உக்காரலைன்னா சலைன் பூராவும் மகாதமனிக்குள்ள போயிரும். நீங்க கழுவுதோம்னு நெனச்சிட்டு இருப்பீங்க, உள்ள ரத்தம்தான் நிக்கும்.

சதுர மி.மீ.க்கு 45 மில்லிஜூல், விநாடிக்கு 25 துடிப்புல ஆரம்பம். நகத்துறது விநாடிக்கு ஒரு மி.மீ.க்குள்ள, பைய. வேகமாத் தள்ளினா லேசர் வேல செய்யாது, வெறும் கம்பிய வச்சுக் குத்துத மாதிரிதான். வழியும் கதீட்டர் கனத்துக்குத்தான் கெடைக்கும். அதனால பின்னாடி பலூன், ஸ்டென்ட் வேணும். "ஸ்டென்ட் வேண்டாம்"னு விளம்பரத்துல போட்டிருக்கிறது சுத்தப் பொய்.

ஆழ்வார்க்குறிச்சி:
ரெண்டு பேரும் பேசுறது பாதிதான் புரியுது. வீட்டுக்காரங்க ஆஞ்சியோ படத்தக் கையில வச்சிட்டு "லேசர் பண்ணலாமா"ன்னு கேட்டா என்ன சொல்லுறது? சுண்ணாம்பு படிஞ்சிருக்குன்னா லேசர் ஒடைக்குமா?

மணிமுத்தாறு:
முதல் கேள்வி சுண்ணாம்பா இல்லையா என்பதுதான், நீங்கள் அதைக் கேட்டதே சரி. கெட்டிச் சுண்ணாம்புக்கு லேசர் சுமார்தான். அதற்கு ரோட்டா அல்லது அதிர்வலை பலூன்.

ரோட்டா என்பது நுனியில் வைரத்துகள் பதித்த பர். 1.25 மி.மீ.-ல் தொடங்கி, நிமிடத்துக்கு 1,35,000 முதல் 1,80,000 சுற்று. ஒவ்வொரு ஓட்டமும் 20 விநாடி, அதிகம் போனால் 30. அதற்குள்ளும் சூட்டுப் பிரச்சினை உண்டு: அழுத்தித் தள்ளிச் சுற்று 5000-க்கு மேல் குறைந்தால் உராய்வில் சூடேறும், துகளும் பெரிதாகும், ரத்த ஓட்டம் நின்றுபோகும். மரங்கொத்தி கொத்துவதுபோல் முன்னும் பின்னும் போக வேண்டும். காதில் சுற்றுச் சத்தம் இறங்குவது கேட்டதும் கை பின்னால் வர வேண்டும், எண்ணைப் பார்த்துவிட்டு இழுத்தால் தாமதம்.

அதிர்வலை பலூனைக் குழாய் விட்டத்துக்குச் சமமாக எடுத்து 4 அட்மாஸ்பியரில் ஊதி, 10 அதிர்வு, பிறகு 6-க்கு ஏற்றி இறக்கி, ரத்தம் ஓடவிட்டு, மறுபடி 10. முதல் மாடலில் மொத்தம் 80. பலூனுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் அதிர்வு கடக்காது, அதனால் தயாரிப்பில் அவசரப்படக் கூடாது. (உள்ளே பொறி பறந்து நீர் ஆவியாகித்தான் அந்த அதிர்வே வருகிறது. பொதிகைச்சாரல் இதையும் சூடு என்று தள்ளிவிடுவாரோ!)

லேசருக்கு இடம் எங்கே என்றால், வயர் அடைப்பைக் கடந்துவிட்டது, பலூன் கடக்கவில்லை, ரோட்டாவுக்கான தனி வயரை மாற்றுவதற்கான நுண்கதீட்டரும் புகவில்லை என்கிற நிலையில். அங்கே 0.9 லேசர் ஒரு வழி போட்டுக் கொடுத்தால் அதன் வழியே ரோட்டா வயரை ஏற்றலாம். இன்னொன்று, ஸ்டென்ட்டுக்குள் மறுபடி வளர்ந்த திசு. கால் தமனியில் ஸ்டென்ட்டுக்குள் அடைத்ததற்கு லேசரும் பலூனும் சேர்ந்தது தனி பலூனைவிட மேல் என்று 2014-ல் எக்சைட் சோதனை காட்டியது. பீடி பிடித்துப் பெருவிரல் கறுத்து வருகிற பர்ஜர் நோய்க்கு அந்த முடிவை ஒட்டவைக்காதீர்கள். அங்கே முதல் மருந்து பீடியை நிறுத்துவது.

பொதிகைச்சாரல்:
மணிமுத்தாறு சொன்ன இடங்களோடு நிற்பதாக இருந்தால் எனக்கு எதிர்ப்பு இல்லை. அதிர்வலையைத் தள்ள மாட்டேன், அங்கே பொறி பலூனுக்குள் அடங்கியிருக்கிறது, சுவரைத் தொடுவதில்லை. கேத்லேப்_பாளை, எனக்கு இன்னும் உறுத்துவது ஒன்று. வெளியே சுண்ணாம்பு இறுக்கியதால் விரியாத ஸ்டென்ட்டுக்குள் வேண்டுமென்றே டையை விட்டுச் சுடுகிறார்களே, அதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்? மேலே நீங்களே டை சுவரைப் பிளக்கும் என்றீர்கள்.

கேத்லேப்_பாளை:
சுவருக்கு முன்னாடி ஸ்டென்ட் கம்பி நிக்குலா. வெளிய இருக்க சுண்ணாம்பு அந்தப் பெரிய குமிழி அதிர்ச்சியிலதான் விரிசல் விடும், சலைன்ல சுட்டா விடாது. ஸ்டென்ட் கம்பிய லேசர் உருக்காது.

பொதிகைச்சாரல்:
கம்பிக்கு நடுவே இடைவெளியும் இருக்கிறதே. ஸ்டென்ட் முடிகிற இடத்தில் நுனி ஒரு மி.மீ. வெளியே நழுவினால்?

கேத்லேப்_பாளை:
நழுவினா ஓட்டதான், மறுக்கல. அதனாலதான் ரெண்டு ஓரத்துலயும் இடம் விட்டு, நடுவுல மட்டும், ஓட்டைய அடைக்குத மூடு ஸ்டென்ட்டும், இதயத்தச் சுத்திச் சேருத ரத்தத்த எடுக்குத வடிகால் ஊசியும் மேசையில எடுத்து வச்சிட்டுச் செய்யணும். அதிர்வலை பலூன் உள்ள போகுதுன்னா மொதல்ல அதத்தான் பாக்கணும்.

மணிமுத்தாறு:
ஓரத்தைத் திரையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் உள்ளே ஐவஸ் (குழாய்க்குள்ளிருந்து பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) ஓட்டி, விரியாத பகுதி எத்தனை மி.மீ. என்று அளந்துகொள்ளுங்கள். சுண்ணாம்பு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் எதிர்ப்பக்கச் சுவர் மெலிசு. அங்கே நான் டை விட மாட்டேன்.