உதவியாளர் அக்கா என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது

மணப்பாறைக்காரி:
அங்கன்வாடிப் பணியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் மையத்து உதவியாளருக்கு அங்கே 22 வருட சர்வீஸ். இப்போது பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அம்மாக்களில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டவர்கள்தான்.

முட்டை போடும் நாளன்று இரண்டரை வயதுப் பையனுக்குச் சோற்றில் முட்டையைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். "ஊட்டாதீங்க, அவனே எடுத்துச் சாப்பிடணும். டிரெய்னிங்ல அப்படித்தான் சொன்னாங்க" என்றேன். வாசலில் நாலு அம்மாக்கள் நின்றிருந்தார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனவர்தான். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எதையும் பிள்ளைகளிடம்தான் சொல்லி அனுப்புகிறார். மூன்று வயதுக் குழந்தை வந்து "டீச்சர், பருப்பு போச்சு" என்கிறது. தீர்ந்துவிட்டதா, தீய்ந்துவிட்டதா?

சிரிப்பாக இருந்தாலும், போன வாரம் அதே பையனின் கைச் சுற்றளவு 12.2 செ.மீ. அளக்கும் நாடாவில் மஞ்சள், அதாவது ஊட்டம் குறைகிறது. முந்தைய மாதம் பச்சை, சரியாக இருந்தான். வீட்டில் என்ன நடக்கிறதென்று அக்காவுக்குத் தெரிந்திருக்கும். கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தார். என்ன செய்யலாம்?

பழைய பால்வாடி டீச்சர்:
சொன்னது தப்பில்லை, சொன்ன இடம்தான் தப்பு. நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டுத் தனியாக மன்னிப்புக் கேட்டால் பாதிக் கடன்தான் அடையும். அந்த அம்மாக்கள் இருக்கும்போதே "அக்கா, இவனை எப்படிச் சாப்பிட வைக்கலாம்?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. அவர் காய் நறுக்கி உலை வைக்கிற நேரத்தில் நீங்கள் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்கள். வருகையும் எடையும் போஷன் டிராக்கரில் ஏற்றுகிறீர்கள் என்று அவருக்கு யார் சொன்னது? என் கடைசி வருடங்களில்தான் அந்தச் செயலி வந்தது. "யாரோட டீச்சர் இவ்வளவு நேரம் பேச்சு?" என்று என் உதவியாளர் கேட்டே விட்டார். பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். இரண்டு பிள்ளைகளின் பிறந்த தேதி தப்பாக ஏறியிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். தேதி தப்பென்றால் வயது தப்பு, வயதுக்கேற்ற எடைக் கணக்கும் தப்பு.

அடுப்படி:
நானும் உதவியாளர்தான். அம்மாக்கள் முன்னால் கேட்பதெல்லாம் நாடகம், பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும். சூப்பர்வைசர் வரும்போது "ஆயா, டீ வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பாதீர்கள். அந்த நேரத்தில்தான் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார்கள், நாங்கள் டீக்கடையில் நிற்போம். முதலில் போய் வெங்காயம் உரியுங்கள்.

மணப்பாறைக்காரி:
உரித்தேன். மூன்று நாள். நேற்று பக்கத்தில் இருந்த குழந்தையிடம், "டீச்சர்கிட்ட சொல்லு, இந்த வேகத்துல உரிச்சா சாம்பார் ராத்திரிக்குத்தான்" என்றார். கண்ணீரோடு சிரித்துவிட்டேன், அவரும்.

பையன் விஷயம் தானாக வந்தது. அவன் அம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. பாட்டி கொடுப்பது டீயும் பிஸ்கட்டும். சத்துமாவு பாக்கெட் பிரிக்காமலே கிடக்கிறதாம். ஊட்டினால்தான் நாலு வாய் இறங்கும் என்று அக்கா அன்றைக்கே பார்த்து வைத்திருக்கிறார். நாளைக்கு இரண்டு பேரும் பாட்டி வீட்டுக்குப் போகிறோம். மாவை வெல்லம் போட்டு உருண்டை பிடித்துக் காட்டுவது அவர் வேலை. "நீங்க அந்த நாடாவை மட்டும் எடுத்துட்டு வாங்க" என்றார், நேராக என்னிடமே.