பாடத்தைத் தடையின்றிச் சொல்கிறாள், புதிய வரியை வாசிக்க முடியவில்லை: மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: மன்னார்குடி அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகள் எங்கள் ஊர் அரசு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். தமிழ்ப் பாடநூலைக் கையில் கொடுத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிறுத்தாமல் சொல்லிவிடுவாள். நன்றாக வாசிக்கிறாள் என்றே நாங்கள் மகிழ்ந்திருந்தோம். சென்ற வாரம் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த செய்தித்தாளில் "மழை பெய்ததால் பள்ளிகளுக்கு விடுமுறை" என்றிருந்த வரியை வாசிக்கச் சொன்னேன். "மழை" என்றாள், அடுத்த சொல்லில் நின்றுவிட்டாள். ஐயம் வந்து, அவளுடைய பாடநூலிலேயே ஒரு பத்தியின் நடுவிலிருந்த சொல்லின்மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டேன். உதடுகளை மட்டும் அசைத்து அந்தப் பத்தியை முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடத்தை அடைந்த பிறகுதான் அச்சொல்லைச் சொன்னாள். இரண்டு ஆண்டுகளாக அவள் வாசிக்கவில்லை, ஒப்பித்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நானும் கணவரும் மாலை ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறோம். மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்; அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 247 எழுத்துகளையும் நாள்தோறும் எழுத வைக்கும்படி உறவினர் ஒருவர் சொல்கிறார். டியூஷன் வைப்பதா, வேறு வழி உண்டா என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: தொடக்கப் பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

அம்மா, நீங்கள் விரலை வைத்துக் கேட்டதுதான் சரியான சோதனை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பல குழந்தைகள் படத்தையும் பாட்டின் ஓசையையும் பிடித்துக்கொண்டே பாடத்தைக் கடந்துவிடுவார்கள். ஆகவே உங்கள் மகளிடம் குறையிருப்பதாக எண்ண வேண்டாம்.

247 எழுத்துகளையும் எழுத வைக்க வேண்டாம். குழந்தை உண்மையில் கற்க வேண்டியவை 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஒன்று, அவற்றோடு துணைக்கால், கொம்பு போன்ற சில குறிகள். 216 உயிர்மெய்யும் இவற்றின் சேர்க்கைதான். அவள் "பெய்ததால்" என்ற சொல்லில் நின்றதற்குக் காரணம் உண்டு. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. "கொ" என்றால் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. "கௌ" என்பதில் வலப்புறம் நிற்பது "ள" போலவே இருப்பதால் குழந்தைகள் அதைத் தனியெழுத்தாக வாசிக்கிறார்கள். இதைக் கண்ணுக்குப் பழக்க, குறியை அப்படியே வைத்து எழுத்தை மட்டும் மாற்றிக் காட்டுங்கள்: பெட்டி, கெட்டி, வெட்டி. பிறகு எழுத்தை வைத்துக்கொண்டு குறியை மாற்றுங்கள்: படம், பாடம். பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதி, வரிசையைக் கலைத்துக் கலைத்துக் கேட்க வேண்டும். வரிசையாகக் கேட்டால் மறுபடியும் ஒப்பித்துவிடுவாள்.

இன்னொன்று, எழுத்தின் பெயர் வேறு, சொல்லில் அதன் ஒலி வேறு. "கடல்", "தங்கம்", "மகன்" மூன்றிலும் "க" ஒன்றுதான், ஒலி மூன்று விதம். எழுத்துக்கூட்டும்போது "ம-க-ன்" என்று அழுத்திச் சொல்லும் குழந்தைக்குத் தான் நாள்தோறும் கேட்கும் சொல்தான் அது என்று தெரிவதில்லை. அப்போது நீங்கள் முழுச்சொல்லை இயல்பாக ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். தவறாக வாசித்தால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்திவிடுங்கள்.

பள்ளியில் வகுப்பாசிரியரைப் பாருங்கள். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துப் பயிற்சி கொடுக்கிறோம். உங்கள் மகள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று கேளுங்கள். குறை சொல்ல வந்ததாக எந்த ஆசிரியரும் நினைக்கமாட்டார். வீட்டில் நடந்ததைச் சொன்னால் எங்களுக்கும் அது பெரிய உதவி, ஏனெனில் வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது ஒரு குழந்தை ஒப்பிப்பது எங்கள் காதுக்கும் தப்பிவிடுகிறது.

மறுமொழி 2: இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்தவர், விழுப்புரம்

ஆசிரியர் ஐயா சொன்னவற்றில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். உடனுக்குடன் திருத்தினால் குழந்தை எழுத்தை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. வாக்கியம் முடியும்வரை பொறுத்திருக்கலாம். "மரத்தில் குருவி இருக்கிறது" என்பதை "இருக்குது" என்று வாசித்தால் அதைத் தவறாகவே எடுக்கக் கூடாது. பொருள் புரிந்ததால்தான் தன் பேச்சு மொழியில் சொல்கிறது. "பள்ளிக்குப் போனான்" என்பதைப் "பல்லிக்கு" என்று வாசித்த ஒரு சிறுவன், நான் வாய் திறக்கும் முன்பே நிமிர்ந்து பார்த்து, மறுபடி வாசித்துத் தானே திருத்திக்கொண்டான். அந்த வாய்ப்பை நாம் பறிக்கலாகாது.

பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா. என் கண்ணுக்கு உங்கள் வீட்டின் பெரிய வசதியே அதுதான். பாட்டிக்கு உண்மையாகவே அந்தக் கதை தெரியாது, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று அவர் கேட்பது சோதிப்பதற்காக அன்று. சோதிப்பவரிடம் ஒப்பிக்கும் குழந்தை, கதை கேட்பவரிடம் வாசித்துத்தான் ஆக வேண்டும். பாடநூலை விட்டுவிட்டு, அவள் இதுவரை பார்த்திராத சிறிய புத்தகங்களைக் கொடுங்கள். வாசிப்பு இயக்கத்தின் வழியே அரசுப் பள்ளிகளுக்கு வந்த புத்தகங்கள் "நுழை, நட, ஓடு, பற" என்று படிப்படியாக இருக்கின்றன. "நுழை" புத்தகங்களில் பக்கத்துக்கு ஓரிரு வரிகள்தான். பள்ளியில் கேட்டுப் பாருங்கள். செல்பேசி இருந்தால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கும். ஊர் நூலகத்தில் அவள் பெயரிலேயே உறுப்பினராகச் சேர்ப்பதும் நல்லது.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற தபால் ஊழியர், காரைக்குடி

ஒரு சிறு எச்சரிக்கை. வீட்டிலிருக்கும் பழைய கதைப் புத்தகங்களைப் பார்த்துக் கொடுங்கள். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் "லை", "னை" எல்லாம் துதிக்கை போட்டு இருக்கும். "ணா", "றா", "னா" வடிவங்களும் வேறு. நான் சிறுவயதில் விரும்பிப் படித்த நூலை என் பேரனிடம் கொடுத்து, அவன் திணறியபோது கோபித்துக்கொண்டேன். அவன் அதன்பின் பல நாட்கள் என் முன்னால் புத்தகத்தையே எடுக்கவில்லை. எழுத்தே அவனுக்கு அறிமுகமில்லாதது என்று பின்னரே உணர்ந்தேன். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

மன்னார்குடி அம்மா (பதினைந்து நாட்களுக்குப் பின்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்பாசிரியரைச் சந்தித்தேன், மொட்டு நிலையில் இருப்பதாகச் சொல்லி, இரண்டு சிறு புத்தகங்களையும் கொடுத்தனுப்பினார். மாலையில் மாமியார் கீரை ஆயும்போது அருகில் உட்கார்ந்து வாசிக்கிறாள். நேற்று ஒரு பக்கத்தைத் தாண்டி வாசித்துவிட்டாள், "ஆடு கிணத்துக்கிட்ட தானே நின்னுது, எப்படி வீட்டுக்கு வந்துச்சு?" என்று மாமியார் கேட்க, பக்கத்தைத் திருப்பித் தேடி வாசித்தாள். டியூஷன் எண்ணத்தை இப்போதைக்கு விட்டுவிட்டோம். கொம்பு இப்போது தடுமாறவில்லை. ஆனால் "வந்துகொண்டிருக்கிறார்கள்" போன்ற நீண்ட சொல்லைக் கண்டாலே புத்தகத்தை மூடிவிடுகிறாள். அதற்கு என்ன செய்வது ஐயா?

தொடக்கப் பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

ஒரு துண்டுத் தாளால் சொல்லை மறைத்து, "வந்து" என்ற பகுதி மட்டும் தெரியும்படி விலக்குங்கள். பிறகு "கொண்டி", பிறகு "ருக்கிறார்கள்". துண்டுகளை வாசித்த பின் தாளை எடுத்துவிட்டு, "வந்துகிட்டு இருக்காங்க என்று நாம் சொல்வோமே, அதுதான் இது" என்று சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இப்படி ஒரு சொல் போதும். திருத்துவதைப் பற்றி விழுப்புரம் அம்மா சொன்னதை என் வகுப்பிலும் இந்த வாரம் செய்து பார்த்தேன். வாக்கியம் முடியும்வரை காத்திருந்தபோது இரண்டு குழந்தைகள் தாமாகவே திரும்பி வந்து திருத்திக்கொண்டார்கள்.