சில்வர் பீச் சூரிய உதயத்தை யாரும் வாங்கவில்லை: ஸ்டாக் தளங்களில் படம் விற்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மஞ்சக்குப்பம் கேமரா கேட்கிறார்:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். முகூர்த்த மாதங்களில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஆடியும் மார்கழியும் வந்துவிட்டால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த நாள்களில் ஏதாவது வருமானம் பார்க்கலாம் என்று படங்களைக் குறைந்த விலைக்கு இணையத்தில் விற்கும் மைக்ரோஸ்டாக் தளங்கள் இரண்டில் கணக்குத் தொடங்கினேன். கேமரா நிக்கான் டி7200, லென்ஸ் 18-140, கூடவே ஒரு 50 மி.மீ.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச் சூரிய உதயம், பிச்சாவரம் படகு, புதுச்சேரி ஒயிட் டவுன் மஞ்சள் சுவர், பாடலீஸ்வரர் கோயில் கோபுரம் என்று ஏற்றினேன். பாதிப் படங்கள் திரும்பி வந்துவிட்டன. காரணமாக நாய்ஸ் (படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள்) என்கிறார்கள், ஃபோகஸ் இல்லை என்கிறார்கள், ஒரே மாதிரியான படங்கள் என்கிறார்கள். சிலவற்றுக்குச் சொத்து உரிமையாளரின் அனுமதிப் படிவம் கேட்கிறார்கள். ஏற்றுக்கொண்ட படங்களில் விற்றது ஒன்றே ஒன்று. ஸ்டூடியோவில் லைட் சரிபார்ப்பதற்காக வெள்ளைத் தாளில் ஒரு கைப்பிடி முந்திரிப் பருப்பைக் கொட்டி எடுத்தது. அதற்கு 10 சென்ட் கிடைத்தது.

என் படங்களில் என்ன குறை? இதில் தொடர்ந்து நேரம் போடலாமா, அல்லது விட்டுவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர் வாசி:

விட்டுவிடுங்கள் நண்பரே. 10 சென்ட் என்பது ஒரு டீக்குக்கூடப் போதாது. ஐஸ்டாக் 2000-இலும் ஷட்டர்ஸ்டாக் 2003-இலும் தொடங்கின. அந்தக் காலத்தில் நுழைந்தவர்கள் சம்பாதித்தார்கள். இன்று கோடிக்கணக்கான படங்கள் குவிந்து கிடக்கின்றன; போதாக்குறைக்குச் செயற்கை நுண்ணறிவு கேட்ட படத்தை வரைந்து தருகிறது. ஆடி மாதத்தில் ஆல்பம் வடிவமைப்பு வேலையை வெளியிலிருந்து எடுத்துச் செய்யுங்கள், கையில் காசு நிற்கும்.

பழைய லேஅவுட்காரி, லாஸ்பேட்டை:

தம்பி, வில்லியனூர்க்காரர் பணத்தைப் பற்றிச் சொன்னது சரி. படத்தைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தளங்களில் படம் விற்பதற்கு முன்னால் புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பாளராக இருந்தேன். அதாவது படம் வாங்குகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். மாலை நான்கு மணிக்கு ஒருவர் வருவார். பல் மருத்துவமனை திறப்பு விழா, காலையில் நோட்டீஸ் கையில் இருக்க வேண்டும் என்பார். அந்த நேரத்தில் நான் அழகான படத்தைத் தேட மாட்டேன். மருத்துவர் பெயரும் தொலைபேசி எண்ணும் வைக்க ஒரு பக்கம் காலியாக இருக்கிற படத்தைத் தேடுவேன். நம் ஊர் முகமாக இருக்க வேண்டும். பின்னணியில் வேறு எந்தக் கடையின் பெயரும் தெரியக்கூடாது. இந்த மூன்றும் இருந்தால் ஒளி சுமாராக இருந்தாலும் வாங்கிவிடுவேன். சூரிய உதயம் எத்தனை அழகாக இருந்தாலும் எனக்கு அதில் வேலை இல்லை. அது போர்ச்சுகல் கடற்கரையா, தேவனாம்பட்டினமா என்று வாங்குகிறவருக்குத் தெரியப்போவதும் இல்லை.

உங்கள் முந்திரி ஏன் விற்றது என்று இப்போது புரிந்திருக்கும். வெள்ளைப் பின்னணி, மென்மையான நிழல், முத்திரை இல்லை, ஆள் இல்லை, ஓரத்தில் இடம். எங்கேயோ ஓர் இனிப்புக் கடையின் விலைப்பட்டியலில் அது உட்கார்ந்திருக்கும். நீங்கள் சோதனைக்கு எடுத்ததாக நினைத்தது, வாங்குகிறவர் கண்ணுக்கு முழுமையான சரக்கு.

ஒருமுறை மீனவக் குடும்பங்களுக்கான காப்பீட்டுத் துண்டறிக்கை ஒன்று எங்களிடம் வந்தது. மீன் விற்கும் தமிழ்ப் பெண் ஒருவரின் படம் வேண்டும். தேடித் தேடிப் பார்த்தேன். கூம்புத் தொப்பி போட்ட வியட்நாம் பெண்கள் வந்தார்கள். கொச்சியின் சீன வலை வந்தது. கோவாவின் படகுகள் வந்தன. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும் கடலூர் முதுநகர்ப் பெண் ஒருவர்கூட இல்லை. கடைசியில் வெறும் வலையின் படத்தை வைத்து ஒப்பேற்றினோம். வேலையை விட்ட பிறகு நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு முதலில் போனது எங்கே என்று நீங்களே ஊகிக்கலாம்.

ஆகவே உங்கள் மாவட்டத்தில் என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள். பண்ருட்டிப் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் முந்திரி உடைக்கிறார்கள். ஓட்டின் எண்ணெய் பட்டுக் கருத்த விரல்கள், உடைக்கும் கட்டை, பக்கத்தில் குவிந்த ஓடுகள். முகம் தெரியாமல் கைகளை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் மாடல் ரிலீஸ், அதாவது படத்தில் இருப்பவரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கும் தொல்லையும் இல்லை. பலாப்பழத்தைப் பிளந்து சுளை எடுக்கும் வரிசையைப் படிப்படியாக எடுங்கள். சமையல் தளங்களுக்கு வேண்டியது அதுதான். நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு வண்டி. பிச்சாவரத்தில் படகை விடுங்கள், சுற்றுலாப் பயணிகள் அத்தனை பேரும் அதை எடுத்தாகிவிட்டது. சுரபுன்னையின் தாங்கு வேரையும் வெண்கண்டலின் மூச்சு வேரையும் தனித்தனியாக, நெருக்கமாக எடுத்து, ரைசோஃபோரா, அவிசென்னியா என்று அறிவியல் பெயரோடு ஏற்றுங்கள். பாடப்புத்தகம் தயாரிப்பவர் பெயர் சரியாக இருக்கிற படத்தைத்தான் தொடுவார். என்னுடைய மூச்சு வேர்ப் படம் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்க அழகே இல்லாத, சேறும் சகதியுமான படம்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இதேதான் பதில். ரோஜாப் பூ, கைகுலுக்கும் கோட்டுச் சூட்டு மனிதர்கள், மாலை நேர மேகம் ஆகியவற்றை இயந்திரம் நன்றாகவே செய்கிறது. அந்தப் பக்கம் நமக்கு வேலை இல்லை. ஆனால் கடலூர்த் துறைமுகத்து ஃபைபர் படகை வரையச் சொல்லிப் பாருங்கள். ஏதோ ஒரு படகு வரும். நிஜமாகப் படகு ஓட்டுகிறவர் அதில் ஏற மாட்டார். ஒன்று கவனம்: அடோபி ஸ்டாக், செயற்கை நுண்ணறிவால் செய்தது என்று குறிப்பிட்டால் அத்தகைய படங்களை ஏற்றுக்கொள்கிறது, ஷட்டர்ஸ்டாக் பங்களிப்பாளர்களிடமிருந்து ஏற்பதில்லை. இரண்டையும் கலந்து கணக்கை முடக்கிக்கொள்ளாதீர்கள்.

ஒயிட் டவுனுக்கு வருகிறேன். அந்த மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் எனக்கும் பிடிக்கும், காலை நடையில் தினமும் பார்க்கிறேன். ஆனால் அவற்றில் பல தனியார் வீடுகள், விடுதிகள். பெயர்ப்பலகையோ தனித்த முகப்போ தெரிந்தால் விளம்பரப் பயன்பாட்டுக்கு உரிமையாளரின் கையெழுத்து கேட்பார்கள். ஆரோவில்லின் மாத்ரிமந்திர் போன்ற கட்டடங்களை எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வணிகப் பிரிவில் போட வேண்டாம். சுவரின் ஒரு துண்டு, ஜன்னல் நிழல், கதவின் பழைய தாழ்ப்பாள் என்று அடையாளம் தெரியாதபடி எடுத்தால் பின்னணிப் படமாகப் போகும்.

ஆள் முகம் தெரிந்தால் மாடல் ரிலீஸ் கட்டாயம். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து. படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், அதனால் கையெழுத்து வாங்குமுன் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "உங்கள் படம் மருந்து விளம்பரத்திலும் வரலாம், எந்த நாட்டிலும் வரலாம்" என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், நல்லது. கல்யாணத்தில் எடுத்த மணமக்கள் படத்தை மட்டும் கேட்காமல் ஏற்றிவிடாதீர்கள். கூலி கொடுத்து எடுக்கச் சொன்னவர்கள் அவர்கள்.

நாய்ஸ் பிரச்சினைக்கு உங்கள் கேமரா காரணம் இல்லை. தளங்கள் கேட்பது குறைந்தது 4 மெகாபிக்சல். டி7200 தருவது 24. விடியலில் கையில் பிடித்தபடி ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) ஏற்றி எடுத்து, பிறகு கணினியில் இருட்டுப் பகுதியைத் தூக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முக்காலியில் வைத்து ஐஎஸ்ஓ 100-இல் எடுங்கள். அனுப்புமுன் நூறு சதவீத அளவில் மூலைக்கு மூலை பாருங்கள். கடற்கரைக்காரர்களான நமக்கு சென்சாரில் தூசி கட்டாயம் இருக்கும், வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு காட்சிக்கு ஒரு கிடைமட்டம், ஒரு செங்குத்து போதும். பத்துப் படம் அனுப்பினால் ஒரே மாதிரி என்றுதான் திருப்புவார்கள்.

குறிச்சொற்களில் சோம்பல் கூடாது. அடோபியில் 49 வரை போடலாம், முதல் பத்துதான் தேடலில் அதிகம் எடுபடும். எனவே முக்கியமானவற்றை முன்னால் வையுங்கள். முந்திரிப் படத்துக்கு "அழகு", "இயற்கை" என்று போட்டு நிரப்புவதில் பயன் இல்லை.

காலமும் முக்கியம். பொங்கல் படத்தைப் பொங்கலன்று ஏற்றினால் அடுத்த ஆண்டுதான் விற்கும். விளம்பரக்காரர்கள் பண்டிகைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்கிவிடுவார்கள்.

பணம்: ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூன் முதல் விற்பனையில் நமக்கு வரும் பங்கு 15-இலிருந்து 40 சதவீதம் வரை, விற்பனை எண்ணிக்கையைப் பொறுத்து ஏறும். ஜனவரி 1 வந்தால் எல்லோரும் மறுபடி 15-க்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நான் அந்தத் திட்டத்தைப் போட்டவர்களை மனதார வாழ்த்துவேன், எப்படி என்று கேட்காதீர்கள். அடோபியில் படங்களுக்கு 33 சதவீதம், ஏறவும் இறங்கவும் செய்யாது. 25 டாலர் சேர்ந்தால் எடுக்கலாம். ட்ரீம்ஸ்டைமில் 100 டாலர் சேர வேண்டும், புதியவர்களுக்கு அது நீண்ட காத்திருப்பு. பிரத்தியேக ஒப்பந்தம் போடாதவரை ஒரே படத்தை எல்லா இடங்களிலும் வைக்கலாம். எனக்கு இதில் வருவது வீட்டு மின்கட்டணத்தையும் இணையக் கட்டணத்தையும் கட்டும் அளவு. சில மாதம் அதற்கு மேல். ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு இதை நம்பி இறங்காதீர்கள். ஆடி மாதத்துக்கு ஏற்ற வேலை இது.

திருப்பாப்புலியூர் வரிக்கணக்கு:

அக்கா சொல்லாமல் விட்ட ஒன்று, வரி. இந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவைச் சேர்ந்தவை. கணக்கில் டபிள்யூ-8பென் என்ற படிவம் இருக்கும். அதை நிரப்பாவிட்டால் அமெரிக்க வாடிக்கையாளர் வாங்கிய படங்களுக்கான ராயல்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பி, பான் எண்ணைக் கொடுத்து, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் 15 சதவீதம். பான் அட்டையில் இருக்கும் பெயர், கணக்கில் இருக்கும் பெயர், வங்கியில் இருக்கும் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். அப்பா பெயரின் முதலெழுத்தை ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் போட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்கள் அதிகம். அங்கே பிடித்த வரிக்கு இங்கே வருமான வரிக் கணக்கில் கழிவு கேட்கலாம். தொகை சிறிது என்று கணக்கில் காட்டாமல் விடாதீர்கள்.

மஞ்சக்குப்பம் கேமரா:

அக்கா, இத்தனை விரிவாக எழுதியதற்கு நன்றி. என் பெரியம்மா வீடு பண்ருட்டிக்கு அருகில்தான், அங்கே முந்திரி உடைக்கிறார்கள். இந்த ஞாயிறே போகிறேன். ஒரு சந்தேகம். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்க நினைக்கிறேன். கூட்டத்தில் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்க முடியாது. ஐஸ் பெட்டிகளில் நிறுவனங்களின் பெயர் வேறு இருக்கிறது. அதை ஃபோட்டோஷாப்பில் அழித்துவிடலாமா?

பழைய லேஅவுட்காரி, லாஸ்பேட்டை:

அழிக்க வேண்டாம் தம்பி. அதை ஷட்டர்ஸ்டாக் போன்ற தளத்தின் எடிட்டோரியல் பிரிவில் கொடுங்கள். செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும் பயன்படும் என்பதால் கையெழுத்து கேட்க மாட்டார்கள். ஆனால் படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. வெளிச்சத்தைச் சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கக் குறிப்பில் ஊர், நாடு, எடுத்த தேதி, பிறகு என்ன நடக்கிறது என்று ஒரு வரி. தேதி தவறினால் திருப்பிவிடுவார்கள், அதனால் கேமராவின் கடிகாரத்தை இன்றே சரிபாருங்கள். 2024 ஃபெஞ்சல் புயலின்போது எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீரை இப்படித்தான் கொடுத்தேன். பருவநிலை பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் இன்றும் வாங்குகிறார்கள்.

ஏலம் எடுக்கப் போவதென்றால் விடியுமுன் போய்விடுங்கள். படம் எடுக்கும் முன் ஏலம் விடுகிற அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சட்டத்துக்காக இல்லை, மரியாதைக்காக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது ஏலம் களைகட்டாதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பதும் வண்ணம் அடிப்பதும் அந்த நாள்களில்தான். வலையைத் தரையில் விரித்துக் கிழிசல் தைக்கிற கைகளுக்கு நான் தேடிய காலத்தில் நம் கரையிலிருந்து ஒரு நல்ல படம்கூடக் கிடைக்கவில்லை. செங்குத்தாக எடுங்கள், மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள்.