நுவரெலியாவில் கொதித்த நீரும் என் பாட அறிவும்

ஆசிரிய பயிலுநர், கொட்டகலை:
வணக்கம். கல்வியியற் கல்லூரியில் விஞ்ஞானப் பாடநெறியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். அடுத்த ஆண்டு கட்டுறு பயில்வு, அதாவது பாடசாலையொன்றில் பயிற்சி ஆசிரியராகப் பணி. சென்ற மாதம் கற்பித்தல் பயிற்சிக்காக நுவரெலியாவில் ஒரு பாடசாலைக்குச் சென்றபோது, எட்டாந்தரப் பிள்ளைகளுக்கு முன்னால் நீரைக் கொதிக்க வைத்தேன். 100 பாகை செல்சியஸ் வரும் என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். நீர் தளதளவென்று கொதித்தும் வெப்பமானி 94ஐத் தாண்டவில்லை. வெப்பமானி பழுது என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். விடுதிக்குத் திரும்பிய பிறகே வளிமண்டல அமுக்கம் நினைவுக்கு வந்தது. உளவியலுக்கும் கற்பித்தல் முறைகளுக்கும் செலவிடும் நேரத்தைக் குறைத்து, பட்டப்படிப்பு அளவுக்குப் பௌதிகவியல் படித்திருக்க வேண்டுமோ என்று மனம் அரிக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், பதுளை:
மகளே, உயரம் கூடக்கூட வளிமண்டல அமுக்கம் குறையும், அமுக்கம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பதை நீங்கள் உயர்தரத்திலேயே படித்திருக்கிறீர்கள். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் குறையுமென்றால், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 சரியான அளவீடுதான். அந்த அறிவைக் கொண்டு எட்டாந்தரப் பாடத்தை மீண்டும் பார்க்கும்படி உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதே குறை. பாட அறிவுக்கும் கற்பித்தலுக்கும் இடையிலுள்ள இந்தத் தனி அறிவைத்தான் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986இல் எடுத்துக்காட்டினார். தேயிலைத் தொழிற்சாலையையே பாருங்கள். அங்கே நொதித்தல் என்று சொல்லப்படுவது மதுவம் (ஈஸ்ட்) செய்யும் நொதித்தல் அன்று. கொழுந்தை உருட்டும்போது கலங்கள் உடைந்து, அதிலுள்ள பொலிபீனோல்கள் என்னும் சேர்வைகள் நொதியத்தின் (என்சைம்) துணையோடு ஒட்சியேற்றமடைகின்றன, அதாவது காற்றிலுள்ள ஒட்சிசனோடு தாக்கமடைகின்றன. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்பவரின் பிள்ளை இதைப் பற்றி நிச்சயம் கேட்கும்.

கணித ஆசிரியர், அட்டன்:
ஐயா சொல்வது கணிதத்துக்கும் பொருந்தும். நான் பட்டம் பெற்ற பிறகே கற்பிக்க வந்தவன். ஆயினும் முக்காலை அரையால் வகுத்தால் ஒன்றரை என்று எழுதியபோது, "வகுத்த பிறகு எப்படி சேர் கூடும்?" என்று ஒரு மாணவி கேட்க, தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை. முக்கால் கிலோ தேயிலைத்தூளை அரைக் கிலோப் பைகளில் இட்டால் எத்தனை பை நிரம்பும் என்று கேட்டிருந்தால் போதும், ஒன்றரை என்று அவளே சொல்லியிருப்பாள். தங்கை, முறையியல் வகுப்புகளைக் குறைக்க வேண்டாம். பாடநூலின் ஒவ்வோர் அலகையும் எடுத்து, பிள்ளை எங்கே ஏன் என்று கேட்கும் என்பதைச் சக பயிலுநர்களோடு இப்போதே எழுதி வையுங்கள். சிறிய தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு நீங்கள் ஒருவரே இருக்க நேரிடலாம். அங்கே ஐயம் கேட்க ஆள் கிடைக்காது.

ஆசிரிய பயிலுநர், கொட்டகலை:
இருவருக்கும் நன்றி. அந்த வகுப்புக்கு மீண்டும் செல்ல அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். பனிக்கட்டியின் உருகுநிலை உயரத்தால் மாறுவது மிகச் சொற்பம் என்பதால், உருகும் பனிக்கட்டியில் வெப்பமானி 0 காட்டுவதை முதலில் பிள்ளைகளையே பார்க்கச் சொல்லி, அது பழுதில்லை என்பதை ஒப்புக்கொண்ட பின் நீரை மறுபடி கொதிக்க வைக்கப் போகிறேன்.