ஆட்சிக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? ஒரு சொல் வேண்டும்

அஸ்ஸலாமு அலைக்கும். ஷியாக்கள் எதிர்பார்க்கும் மறைந்திருக்கும் இமாம் வரும்வரை ஆளும் பொறுப்பு மார்க்க அறிஞருக்கே என்று 1970இல் ஈரானின் ஆயத்துல்லா (ஷியா உயர் அறிஞர்) கொமேனி இராக்கின் நஜஃபில் பாடம் நடத்தினார். அதே ஊரிலிருந்து 2003 ஜூனில் ஆயத்துல்லா சிஸ்தானி தந்த ஃபத்வா வேறு திசை: அரசியல் சட்டம் எழுதும் சபையை நியமிக்க, இராக்கை ஆக்கிரமித்த அமெரிக்கத் தரப்புக்கு அதிகாரமே இல்லை, முதலில் தேர்தல், எழுதி முடித்தபின் மக்கள் வாக்கெடுப்பு. சில வரிகள்தான், படிக்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

இதைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'மஷ்ரூஇய்யா' (ஆட்சிக்கு இருக்கும் உரிமையும் ஏற்பும்) என்ற அரபுச் சொல்லில் மாட்டிக்கொண்டேன். 'சட்டபூர்வம்' என்று போட்டால் சட்டம் மட்டும்தான் நிற்கிறது, மக்கள் மனதார ஏற்பது விட்டுப்போகிறது. அரபு தெரிந்தவர்கள் பொருத்தமான சொல் சொல்லுங்களேன். அப்புறம், சிஸ்தானியின் ஆசிரியர் கூயி அறிஞரின் ஆட்சி உரிமை பற்றிச் சொன்னது தமிழில் எங்காவது கிடைக்குமா?