பாட்டையா பெட்டகம் (குடும்பக் குழு)

மீனா: [படம்] பெட்டகத்தைத் தொடச்சப்ப சுருக்குப்பைல இந்த வெள்ளிக்காசு கெடந்துச்சு. கடைல காட்டினேன். "குத்துப்பட்ட காசும்மா, உருக்கத்தான் ஆகும்"னுட்டாங்க. புளி போட்டு விளக்கிக் குடுத்துரட்டுமா?

சொக்கு அண்ணன்: ஐயோ, புளிகிளி போட்டுறாத! குடுக்கவும் குடுக்காத. சூலத்தோட ஒரு பொம்பளை நிக்கிறா பாரு, பின்னால கப்பல். அந்தச் சூலத்தோட நடு முனையைப் பெருசாக்கிப் பாரு.

மீனா: பொடியா 'பி'ன்னு இங்கிலீஷ் எழுத்து. வருஷம் 1899.

சொக்கு அண்ணன்: பம்பாய்த் தங்கசாலை. பிரிட்டிஷ் வர்த்தக டாலர், 1895ல அடிக்க ஆரம்பிச்சது. 26.95 கிராம், நூத்துக்குத் தொண்ணூறு வெள்ளி. அடிச்சது இங்க, செலவானது ஹாங்காங், பினாங்கு, சிங்கப்பூர்ல. அதான் மறுபக்கம் சீன எழுத்தும், ஜாவிங்கிற அரபி மாதிரி எழுத்துல மலாயும் இருக்கு.

மீனா: சரிண்ணே, குத்துக்குத்தா இருக்கே, அது என்ன?

சொக்கு அண்ணன்: விஷயமே அதுதான். சீன வியாபாரி டாலரைக் கைல வாங்குனா எடை போட்டு, தட்டிப் பாத்து, திருப்தியானா தன் இரும்பு அச்சை வச்சு ஒரு அடி. "என் கை வழியாப் போச்சு, வெள்ளி நல்ல வெள்ளி"ன்னு அர்த்தம். உள்ள ஈயம் வச்ச கள்ளக்காசுன்னா அந்த அடிலயே பல்லிளிச்சுரும். பின்னால தகராறு வந்தா குத்தினவர்கிட்டயே போய் நிக்கலாம். கை மாற மாறக் குத்து ஏறும். சில காசு அடி வாங்கி வாங்கித் தட்டு மாதிரிக் குழிஞ்சே போயிருக்கும். ஸ்பெயின் டாலர், மெக்சிகோவோட கழுகு டாலர், 1873ல இருந்து சீனாவுக்குன்னே அமெரிக்கா அடிச்ச டாலர், எல்லாத்துலயும் உண்டு.

வள்ளி ஆச்சி (சிங்கப்பூர்): இங்க ரப்பர் முத்திரையை இன்னைக்கும் 'சாப்'னுதான் சொல்றோம். "கம்பெனி சாப் போட்டாச்சா?"ன்னு கேப்பாங்க.

சொக்கு அண்ணன்: காசுல உள்ள இந்தக் குத்துக்கும் 'சாப்'னுதான் பேரு. அதே சொல்தான் ஆச்சி! முத்திரைக்கு நம்ம சொல்ற 'சாப்பா'வும் அதுதான். காசு நோட்டம் பாக்குற ஆளைச் 'சராப்'புன்னு சொன்னாங்கல்ல, அந்தச் சொல் ஹாங்காங் வரைக்கும் போயிருக்கு. அங்க கார் நிறுத்துற எடத்துல காசு கட்டுற ஜன்னலுக்கு இன்னமும் அதுதான் பேரு.

கதிர் தம்பி (அமெரிக்கா): இங்கயும் உண்டுண்ணே. சாக்ரமெண்டோல போல்ஹீமஸ்னு ஒரு மருந்துக்கடைக்காரர், ஜே தெரு 190ன்னு கடை விலாசத்தையே காசுல குத்தி விட்டிருக்கார்.

சொக்கு அண்ணன்: அது விளம்பரம் தம்பி. இது ஜாமீன். எனக்கு இதுதான் உசத்தி.

வள்ளி ஆச்சி (சிங்கப்பூர்): ஒரு குத்து, ஆளு கையையும் காலையும் விரிச்சு நிக்கிற மாதிரி இருக்கே? சீனத் தோழிகிட்ட காட்டினேன். 'பெரிய'ன்னு அர்த்தமாம். எந்தக் கடைன்னு கண்டுபிடிக்கலாமா?

சொக்கு அண்ணன்: ஒத்தை எழுத்தை வச்சுக் கடையைப் புடிக்கிறது கஷ்டம் ஆச்சி. அந்த எழுத்தைப் பல பேர் வச்சிருந்தாங்க. ஆனா அச்சுல உள்ள ஒடைசல், தேய்மானம் ஆளுக்காள் மாறும். அதே ஒடைசல் இன்னொரு காசுலயும் இருந்தா ரெண்டும் ஒரே அச்சுக்குக் கீழ வந்ததுன்னு தைரியமாச் சொல்லலாம். மீனா, டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் புடிச்சு இன்னொரு படம் எடு. நேரா அடிச்சா குத்து தெரியாது.

மீனா: எடுக்குறேன். அப்பத்தா சொல்றாக: "பாட்டையா பினாங்குக்குக் கொண்டுவிக்கப் போயிட்டு வந்தப்ப மூணு காசு கொண்டாந்தாக. ஒண்ணு உங்க பெரியத்தைக்குக் கொலுசாப் போச்சு. ஒண்ணு சாமி வீட்டு உண்டியல்ல கெடக்கும், பாரு."

சொக்கு அண்ணன்: ஓடு ஓடு!

மீனா: [படம்] [படம்] கெடைச்சுருச்சு! இதுலயும் அந்தக் கை விரிச்ச ஆளு நிக்கிறான்.

சொக்கு அண்ணன்: எடது காலைப் பாரு. முதல் காசுல நுனி ஒடிஞ்சிருக்கு. இதுல?

மீனா: இதுலயும் ஒடிஞ்சிருக்குண்ணே. அதே எடம்.

சொக்கு அண்ணன்: ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு உரசாமப் பஞ்சுல தனித்தனியா வை. ஞாயித்துக்கிழமை வர்றேன். பரண்ல இருக்குற பினாங்குப் பேரேட்டை இறக்கி வை.