புதுப்பிப்பு: 32 ஜிபி பிளேயருக்கு ஃபிளாக்கா, எம்பி3-யா?

போன மாதம் கேட்டிருந்தேன்: 32 ஜிபி கார்டு போட்ட சின்ன பிளேயரில் என் சிடி பாட்டுகளை ஃபிளாக்கில் (ஒலி எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு வடிவம்) வைப்பதா, எம்பி3-யிலா (ஒலியில் கொஞ்சம் கழித்து இன்னும் சிறிதாக்கும் வடிவம்) என்று. எம்பி3 என்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒரே நாதஸ்வரக் கச்சேரியை ஃபிளாக், எம்பி3-யில் 320, 192, 128 கேபிபிஎஸ் (ஒரு வினாடி ஒலிக்குச் செலவாகும் கிலோபிட் அளவு) என நான்கு விதமாக மாற்றினேன். எது எது என்று சொல்லாமல் தம்பியைப் போடச் சொல்லிக் கேட்டேன். 128-இல் கைத்தாளத்தின் கிணுகிணுப்பு சிதைந்து கரகரத்தது, உடனே தெரிந்துவிட்டது. 192-க்கு மேல் என் காதுக்கு வித்தியாசம் பிடிபடவே இல்லை. சரி, கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று 256 வைத்தேன். நிமிடத்துக்கு 2 எம்பி கூட வராது. கார்டில் சுமார் 270 மணி நேரம் கொள்ளும்.

ஆனால் ஃபிளாக் பிரதி கணினியில் கட்டாயம் இருக்கிறது. நாளைக்கு வேறு வடிவம் வேண்டுமென்றால் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அப்புறம், பழைய 128 பாட்டுகளை ஃபிளாக்காக மாற்றலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். இடம்தான் அடைக்கும், போன ஒலி திரும்பாது.